மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை

கம்பெனிக் குலுக்கலில் விழுந்தது:
இரண்டு பகல், ஒரு ராத்திரி, காலை டிபன் உட்பட.
வில்லிவாக்கத்திலிருந்து கோவளத்துக்கு
ஒன்றே முக்கால் மணி நேரம்.
திருவான்மியூர் சிக்னலில்
ரக்‌ஷனா வாந்தி எடுத்தாள்.

வாசலில் பிளாஸ்டிக் கிளி.
‘கரீபியன் வாரம்’ என்று பேனர்.
பூப்போட்ட சட்டைப் பையன்
நாலு பேர் மணிக்கட்டிலும்
ஆரஞ்சுப் பட்டை மாட்டினான்.
கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது மேடம்,
குளிக்கும்போதும் இருக்கட்டும்.
பிரசவ வார்டில் எனக்கும் இவளுக்கும்
ஒரே எண் எழுதிக் கட்டியது
ஞாபகம் வந்தது.

கரீபியன் எங்கப்பா இருக்கு?
தர்ஷன் கேட்டான்.
வெஸ்ட் இண்டீஸ்டா, என்றார் புருஷோத்.
அவருக்குத் தெரிந்த கரீபியன்
விடிய விடிய டிவியில் ஓடும்.
ஐந்தாம் நாள் மழை வந்து டிரா ஆகும்.

தென்னை பொள்ளாச்சி.
டிரம் அடிக்கிறவர் நெல்லிக்குப்பம்,
நானே கேட்டேன்.
கல்யாணங்களில் பேண்டு வாசிப்பாராம்.
ஆடி மாசம், முகூர்த்தம் இல்லை.

குளத்தோரம் பலகை: நைலான் உடை கட்டாயம்.
சுடிதாரோடு இறங்கப் போன என்னை
விசில் ஊதி நிறுத்தினார்கள்.
வாடகைக்கு இருக்கு, இருநூற்றைம்பது.
முட்டிவரை வரும் ஒன்றை எடுத்தேன்.
கழுத்துப் பக்கம் வேறொருத்தியின் பவுடர் வாசம்.
திருப்பித் தந்துவிட்டேன்.

நான் காசிமேட்டுக்காரி.
ஏழு வயசில் அண்ணன்
கட்டுமரத்திலிருந்து தூக்கிப் போட்டான்,
அன்றைக்கு வந்தது நீச்சல்.
புருஷோத்துக்கு வராது.
மூன்றடித் தண்ணீரில்
ரப்பர் வாத்தைக் கட்டிப் பிடித்தபடி
என்னைப் பார்த்துக் கையாட்டினார்.
பாவமாக இருந்தது.
பிடித்தும் இருந்தது.

சாயங்காலம் காற்று திரும்பியது.
பக்கத்து நாற்காலி அம்மாள் மூக்கைப் பொத்தினாள்.
பூச்சட்டைப் பையன் ஓடிவந்து
ஸாரி மேடம், பக்கத்துல குப்பம், என்று
வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தான்.
எனக்கு வாய் ஊறியது.
நெத்திலி.
மூன்று வெயில் கண்ட நெத்திலி.
அப்புறம் அந்த ஜமைக்காக் கோழி
தொண்டையில் இறங்கவே இல்லை.

ஐந்தரை மணிக்கு மூவரும் தூக்கத்தில் இருக்க
வேலியில் சவுக்குக் கம்பு சாய்ந்த இடத்தில்
குனிந்து வெளியே போனேன்.
பழைய வலைமேல் பரப்பிப்
புரட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
முதலில் பட்டையைத்தான் பார்த்தாள்.
போட்டோ எடுக்க அம்பது ரூவா.
போட்டோ வேணாம்க்கா, அரைக் கிலோ போடு.
நிமிர்ந்தாள்.
எந்த ஊரு நீ?
சொன்னேன்.
அதானே, மூக்கப் பொத்தலயே.
விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
ஒரு கை கூடப் போட்டாள்.

துப்பட்டாவில் முடிந்ததை
அவள் காலடியில் வைத்து
பாத்துக்கோக்கா, என்று
சுடிதாரோடு இறங்கினேன்.
மூன்றாவது அலைக்கு அப்பால்
கால் தரையை விட்டது.
யாரும் ஊதவில்லை.

அறையில் பை இல்லை.
குளிக்கையில் தலைக்கு மாட்டச் சொல்லி
வைத்திருந்த பிளாஸ்டிக் தொப்பிகள் இரண்டு.
ஒன்றில் கொட்டி மற்றதால் மூடி
ஈரத் துணிக்கு நடுவே வைத்தேன்.
பதினோரு மணிக்கு
துண்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்து
அனுப்பினார்கள்.

அடையாறு தாண்டும்போது டிரைவர்
ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார்.
புருஷோத் தர்ஷனைப் பார்த்தார்.
தர்ஷன் ரக்‌ஷனாவைப் பார்த்தான்.
நான் வெளியே
மத்திய கைலாஷ் கோபுரத்தைப் பார்த்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் பட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினோம்.
ரக்‌ஷனா மட்டும் கையை நீட்டவில்லை.
திங்கட்கிழமை சீருடைக்குள் மறைத்துப் போய்
மாட்டிக்கொண்டாள்.
வெஸ்ட் இண்டீஸ் போயிருந்தோம் மிஸ்.
அப்படியா, அங்கே என்ன விசேஷம்?
அம்மா கருவாடு வாங்கினாங்க.